கருப்பு முக்குகிற இடம்

ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்க பனியனைக் கொஞ்சம் தொட்டுப் பாத்துக்கட்டுங்களா? இந்தக் கையோரம் மட்டும். ஆங். நல்ல கருப்புங்க. முப்பது தடவையாச்சும் தொவைச்சிருப்பீங்க, வெளுக்கவே இல்லை பாருங்க. இதை முக்குனவன் வேலை தெரிஞ்சவன். இருபத்திரெண்டு வருசமா சாயத்துல கெடக்கறேனுங்க. பஸ்ஸுல ஏறுனா ஆளோட மூஞ்சியைப் பாக்க மாட்டேன், துணியைத்தான் பாப்பேன்.

எம்பேரு குழந்தைவேலு. திருப்பூர்ல ஒரு ஏத்துமதிக் கம்பெனியில மேனேஜர். மேனேஜர்னா மெசினை ஓட்டறவன் இல்லீங்க. வெளிநாட்டுல இருந்து ஆடிட்டுக்கு வருவாங்கல்ல, சுத்தமா வேலை நடக்குதா, தண்ணியைக் கெடுக்கறோமான்னு பாக்கறதுக்கு, அவங்களைக் கூட்டிட்டுப் போயிக் காட்டறது என்ற வேலை. ரிஜிஸ்டர் எழுதறது, போர்டு மாட்டறது, அதிகாரிங்க லெட்டர் போட்டா பதில் லெட்டர் எழுதறது. பதில் எழுதறதுல திருப்பூர்ல என்னை அடிச்சுக்க ஆளில்லைன்னு எங்க முதலாளியே சொல்லுவாரு.

கோயமுத்தூர் போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம் ஆகுமுங்க. சன்னலோரமே உக்காந்துக்குங்க, எனக்குக் காத்து வேண்டாம். மனசுல ஒரு வெசனம் கெடக்குது, யார்கிட்டயாச்சும் சொல்லோணும். என்ற அக்காளைப் பத்தித்தான். கூடப் பொறந்த பொறப்பே நாலு பேரு முன்னால நம்மளை அவமானப்படுத்துனா எப்படி இருக்குமுங்க?

மொதல்ல உங்களுக்கு இந்தக் கருப்பைப் பத்திச் சொல்லோணும். அது தெரியாட்டி மத்தது வெளங்காது.

வெளிர் நெறம் முக்கறது சுலபமுங்க. ரோஸு, இளம்பச்சை, அதெல்லாம் கொஞ்சூண்டு உப்புல முடிஞ்சுரும். கருப்பும் கருஞ்சிவப்பும் அப்படியில்லை. ஒரு கிலோ துணிக்கு முக்காக் கிலோ உப்பு போட்டாத்தான் சாயம் உள்ள எறங்கும். எறங்குனது போக மிச்சம் பூராவும் தண்ணியோட நிக்கும். அந்தத் தண்ணியில ஒரு சொட்டுக்கூட வெளியே வுடக்கூடாதுங்கறது சட்டம். காய்ச்சி, ஆவியாக்கி, உப்பு வேற தண்ணி வேறயாப் பிரிச்சு, மறுபடியும் அதையே உபயோகப்படுத்தோணும். நல்ல சட்டமுங்க. அந்தக் காலத்துல எங்க ஊரு ஆறு என்னென்ன கலர்ல போச்சுன்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. நான் சட்டத்துக்கு எதிரி கெடையாது. எங்க கம்பெனி கேட்டுக்குள்ள இன்னைய வரைக்கும் ஒரு சொட்டு வெளியே போனதில்லை. எங்க வேணா சத்தியம் பண்ணுவேன். சுத்தம் பண்ணுன தண்ணியில மீன்கூட வுட்டு வெச்சிருக்கறோம். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. ஆடிட்டுக்கு மொத நாள்தான் மீன் வுடுவோம், முன்னாடியே வுட்டா எளைச்சுப் போயிருது.

ஆனா கருப்பைக் காய்ச்சறதுக்கு ஆகற செலவு இருக்குதே, அது ஆளை முழுங்கற செலவு. வெளிநாட்டுக்காரன் என்ன பண்றான், சுத்தமாவும் செய்யிங்கறான், போன வருச வெலைக்கே குடுங்கறான். முடியாதுன்னா வேற நாட்டுக்குப் போயிருவேங்கறான். நாலஞ்சு மாசம் முதலாளி தூங்காம சுத்துனாரு. அப்பத்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். யோசனை என்றதுதானுங்க, அதுல எனக்கு இன்னைக்கும் பெருமைதான்.

வெளிரை நம்ம கம்பெனியிலயே முக்கிக்கலாம். கருப்பையும் கருஞ்சிவப்பையும் வெளியில ஜாப் ஒர்க்கா, கூலிக்கு முக்கக் குடுத்தர்லாம். சட்டம் எங்க கேட்டுக்குள்ள இருக்குது, ஆடிட்டும் எங்க கேட்டுக்குள்ள இருக்குது. கருப்பு கேட்டுக்கு வெளிய இருந்தாப் போச்சு. முதலாளி எந்திரிச்சு வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டாரு.

எடம் எங்கன்னு கேட்டாரு. என்ற அக்கா தோட்டம் இருக்குதுங்கன்னு சொன்னேன்.

அக்கா பேரு மயிலாத்தாள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவ. தாராபுரத்துக்குத் தெக்கால, கரட்டுப்புதூர்னு ஒரு ஊரு. மச்சான் தவறிப் போயி பன்னெண்டு வருசமாச்சு, புள்ளைங்க இல்லை. அஞ்சு ஏக்கரா மானாவாரி, ஒரு பண்டம் வெளையாது. முருங்கை கொஞ்சம், வெள்ளாடு பதினஞ்சு. ஆனா கெணறு இருக்குது பாருங்க, அறுவது அடிக் கெணறு, அந்தக் காட்டுலயே அது ஒண்ணுதான் உப்பில்லாத தண்ணி. சுத்தி இருக்கற ஏழு வீட்டுக்காரங்களும் அங்கதான் வந்து எடுப்பாங்க. நல்ல தண்ணி இருந்தாத்தானுங்க சாயம் நல்லாப் புடிக்கும். அதனாலதான் அந்த எடத்தைச் சொன்னேன்.

அக்காகிட்டப் போயிக் கேட்டேன். தோட்டத்துக்கு மேக்கால கால் ஏக்கராவுல ஒரு தகரக் கொட்டாய், நாலு பழைய மெசின், ஒரு குழி. உனக்கும் மாசம் ஒரு வருமானம்னு சொன்னேன். அவ அதையெல்லாம் காதுலயே வாங்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"கெணத்துக்கு ஒண்ணும் ஆயிராதில்ல, தம்பி?"

"என்ற உசுரு இருக்கற வரைக்கும் ஆகாது அக்கா."

எல்லாரும் சொல்ற வார்த்தைதானுங்க அது. கடன் கேக்கறவன் சொல்றதில்லையா, கல்யாணம் பேசறவன் சொல்றதில்லையா? அதைப் போயி அப்படியே மனசுல வெச்சுக்குவாளா ஒருத்தி? என்ற அக்கா வெச்சுக்கிட்டா. வெள்ளைத்தாள்ல ஒரு ஒப்பந்தம் எழுதிக்கிட்டோம். கம்பெனி பேரு அதுல வேண்டாம்னு நாந்தான் சொன்னேன், வீணா எதுக்கு ஆபீஸு ஆபீஸா அலையறது.

ஒண்ணரை வருசம் நல்லா ஓடுச்சுங்க. எங்க பக்கம் ஆடிட்டுல மார்க்கு ஏறிக்கிட்டே போச்சு. அந்தப் பக்கம் குழிக்கு அடியில தார்ப்பாயெல்லாம் விரிச்சோம், சும்மா சொல்லக்கூடாது. ரெண்டாவது ஐப்பசியில மழை ஊத்துச்சு பாருங்க. வறண்ட காடு, வருசத்துக்குப் பத்து மழை பேயாத எடம், அங்க மூணு நாளு விடாமப் பேஞ்சா நான் என்ன பண்ண முடியும்? குழி ரொம்பி வழிஞ்சு காடு பூரா பாஞ்சிருச்சு.

அக்கா போன் பண்ணுனா. கெணறு செவந்து கெடக்குதுன்னா. எனக்கு ஆர்டர் ஞாபகத்துக்கு வந்துச்சு. அது செவப்பு இல்லீங்க, அக்காளுக்கு அதெல்லாம் தெரியாது. மெரூன். அந்த வருசக் கிறிஸ்மஸ் ஆர்டர், கொளந்தைங்க போடற சட்டை. மழை நின்னாத் தெளிஞ்சுரும் அக்கான்னு சொன்னேன். நான் சொன்னாப்பலயேதான் ஆச்சு, தை மாசத்துல பாத்தா மெரூன் போயி, டீத்தண்ணி மாதிரி வந்து நின்னுருச்சு.

ஆடு நாலு செத்துச்சுன்னா. ஆடு சாகாத ஊரு எங்கீங்க இருக்குது? முருங்கை காஞ்சுதுன்னா. மழை அதிகமாப் போனாலும் முருங்கை காயும். ஏழு வீட்டுக்காரங்களும் தண்ணிக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. அவளுக்கு அதுதான் பெரிய கொறைங்க. தண்ணிக்கு வர்ற சாக்குல நாலு பேரு வந்து உக்காந்து பேசிட்டுப் போவாங்க, அது இல்லாமப் போச்சு. பட்டறையை எடுத்துருன்னு நாலஞ்சு தடவை சொன்னா. ஆர்டர் முடியட்டும், முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தேன். ஒரு ஆர்டர் முடியறதுக்குள்ள இன்னொண்ணு வந்துருதே.

அதுக்காக நான் கைவிட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. கருப்பு முக்கறதுக்குத் துணி எடுத்துட்டு வாரம் ரெண்டு தடவை லாரி போகுமில்லீங்களா, அதுலயே ரெண்டு கேன் குடிக்கற தண்ணி ஏத்தி வுட்டேன். ஒரு வாரம் தவறுனதில்லை. கூடப் பொறந்தவ மேல அக்கறை இல்லைன்னு என்னைப் பாத்து ஒருத்தன் சொல்லிர முடியாது.

போன வருசம் பங்குனியில ஆடிட்டுக்கு ஒரு அம்மா வந்துச்சு. ஹன்னான்னு பேரு. குளிர் தேசத்துக்காரி, அம்பது வயசிருக்கும். கூட மொழிபெயர்க்கறதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு பொண்ணு, பிரமிளான்னு. மத்தவங்க எல்லாம் மீனைப் பாப்பாங்க, போர்டைப் படிப்பாங்க, மதியம் நல்ல ஓட்டல்ல சாப்புட்டுட்டுப் போவாங்க. இந்தம்மா மீன்கிட்டயே போகலீங்க. ஆபீஸ்ல உக்காந்து ரெண்டு ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்குச்சு. ஒண்ணு துணி அனுப்புனது, இன்னொண்ணு உப்பு வாங்குனது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு விரலை ஓட்டிக்கிட்டே வந்து, நிமிந்து என்னமோ கேட்டுச்சு.

அந்தப் பொண்ணு தமிழ்ல சொன்னா: "இவ்வளவு கருப்பு அனுப்பியிருக்கீங்க, அதுக்குத் தேவையான உப்பு வாங்கவே இல்லையே. கருப்பை எங்க முக்கறீங்கன்னு கேக்கறாங்க."

இருபத்திரெண்டு வருசத்துல யாரும் கேக்காத கேள்விங்க. எல்லாக் கேள்விக்கும் எங்கிட்ட பைல் இருக்கும், இதுக்கு இல்லை. முதலாளி என்னைப் பாத்தாரு, வேற வழியில்லாம தாராபுரத்துப் பக்கம் ஜாப் ஒர்க் குடுக்கறோம்னு சொல்லிட்டேன். அந்தம்மா கார்ல ஏறி உக்காந்துக்கிச்சு, போலாம்னு.

போற வழியிலயே போன் பண்ணிக் குழி மேல தென்னங்கீத்துப் பரப்பச் சொல்லிட்டேன். மெசினை நிறுத்தச் சொல்லிட்டேன். அக்காளுக்கும் போன் பண்ணி, ஒறம்பரை சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டுச் சாயங்காலமா வா அக்கான்னு சொன்னேன். சரின்னா. சரின்னு தெளிவாச் சொன்னாளுங்க.

போயி எறங்குனா, வேப்பமரத்தடியில மூணு நாற்காலி போட்டு வெச்சிருக்கறா. குளிச்சு, வெளுத்த சீலை கட்டிக்கிட்டு நிக்கறா. வாங்க வாங்கன்னு அந்த வெள்ளைக்காரம்மா கையைப் புடிச்சு உக்கார வெச்சா. உள்ள போயி எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி கொண்டாந்தா.

அந்த வாரம் நான் அனுப்புன கேன் ரெண்டும் மூடிகூடத் தெறக்காம உள்ள இருந்துச்சுங்க. அதுல இருந்து குடுத்திருக்கலாமில்லீங்களா? கெணத்துத் தண்ணியை எறச்சுக் கொண்டாந்திருக்கறா.

அந்தம்மா டம்ளரை வாங்கிப் பாத்துச்சு. வாய்க்கிட்டக் கொண்டுபோகல. நீங்க குடிக்கறது இந்தத் தண்ணியான்னு அந்தப் பொண்ணை வெச்சுக் கேட்டுச்சு.

அக்கா என்னைப் பாக்கவே இல்லை. அந்தம்மா மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னா.

"நான் குடிக்கறதில்லீங்க. என்ற ஆடும் குடிக்கறதில்லை. என்ற தம்பிதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னவன். அவங்கிட்டக் குடுங்க, அவன் குடிப்பான்."

அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை வுடாம மொழிபெயர்த்தா. அந்தம்மா டம்ளரை என்ற பக்கம் நீட்டவும் இல்லை, கீழ வைக்கவும் இல்லை. அப்படியே கையில வெச்சுக்கிட்டு என்னைப் பாக்குது. பட்டறை ஆளுங்க நாலு பேரு நிக்கறாங்க. டிரைவர் நிக்கறான்.

நான் வாங்கிக் குடிச்சுட்டேனுங்க. முழு டம்ளரும். வேற என்ன பண்றது? சர்ட்டிபிகேட் போயிருமில்லீங்களா? எண்ணூறு பேரு வேலை செய்யற கம்பெனி. வாயைத் தொடைச்சுட்டு, நல்லாத்தான் இருக்குதுன்னு தமிழ்லயும் சொன்னேன், இங்கிலீஷ்லயும் சொன்னேன்.

அந்தம்மா கண்ணு கலங்கிப் போச்சு. தூசிக்காடு, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒத்துக்காது. அப்பறம் கெணத்துல இருந்து ஒரு பாட்டில் புடிச்சு, அக்கா பேரைக் கேட்டு எழுதி ஒட்டி எடுத்துக்கிச்சு. கீத்தை வெலக்கிக் குழியையும் பாத்துச்சு. கெளம்பும்போது அக்காளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லுச்சு. அந்தப் பொண்ணு அதை மட்டும் எங்கிட்டச் சொல்லல.

எனக்கு வயித்துல ஒரு வாரம் வேலை குடுத்துருச்சு. இப்பவும் காரம் ஒத்துக்கறதில்லை, வெளித்தண்ணி குடிக்கறதில்லை. இந்தா பாருங்க, பாட்டில் பையிலயே இருக்கும். அது வயசாச்சு, வேற ஒண்ணுமில்லை.

இருபது நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு. முதலாளி ரூம்ல வெச்சு நாந்தான் அந்தக் கவரைப் பிரிச்சேன். தொண்ணூத்திரெண்டு மார்க்குங்க. எங்க கம்பெனிக்குள்ள எல்லாம் சுத்தம், எல்லாம் திருப்தி. கரட்டுப்புதூர்ப் பட்டறையை மட்டும் முப்பது நாளைக்குள்ள சப்ளை செயின்ல இருந்து எடுத்துரோணும்னு ஒரே ஒரு வரி. அந்தம்மா அந்தப் பாட்டிலைப் பத்திப் பெருசா எழுதுச்சாம், அது வேற ஆபீஸுக்குப் போயிருச்சாம், மேல இருக்கறவங்க மார்க்கு மட்டும் அனுப்பிட்டாங்களாம். அப்படிப் பேசிக்கிட்டாங்க. நமக்கு எதுக்கு அது.

முப்பது நாள் எதுக்குங்க, மூணே நாள்ல எடுத்துட்டேன். மெசினைக் கழட்டி லாரியில ஏத்தியாச்சு, ஆளுங்களை அனுப்பியாச்சு, தகரத்தைக்கூடப் பிரிச்சுட்டோம். சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு வாசல்லயே மாட்டியிருக்கறோம்.

அக்கா சந்தோசப்படுவான்னு பாத்தேன். அவ கேட்டதே பட்டறையை எடுன்னுதானே? போன் பண்ணுறா, குழியை யாரு எடுக்கறதுன்னு. கொட்டாய் இருந்த எடத்துல குழியில வாருன சாயக் கசடு மூட்டை எரநூத்தம்பது கெடக்குது, அதை யாரு எடுக்கறதுன்னு. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அக்கா, எங்க லாரி வந்து அந்த மூட்டையை ஏத்துச்சுன்னா அது எங்க மூட்டைன்னு ஆயிரும். எங்க ரிஜிஸ்டர்ல அப்படி ஒரு மூட்டையே கெடையாது. அந்த எடமே இப்ப எங்க சப்ளை செயின்ல இல்லையேன்னு. அவளுக்கு அந்த வார்த்தை வெளங்கல. செயின்னா என்னடா, என்ற கெணறு எந்தச் சங்கிலியில இருக்குதுன்னு கேக்கறா. படிக்காதவகிட்ட என்ன சொல்ல முடியும்?

அவ போயி மனுக் குடுத்துட்டாளுங்க. அந்த ஏழு வீட்டுக்காரங்களும் சேந்து கையெழுத்துப் போட்டு, தண்ணியைக் கெடுத்துட்டாங்கன்னு. அதிகாரிங்க வந்து பாத்தாங்க. வேகமா நடவடிக்கையும் எடுத்தாங்க, அதைச் சொல்லோணும். நோட்டீஸு வந்துச்சு. யாருக்குன்னு நெனைக்கறீங்க?

அக்காளுக்கு.

நெலம் அவ பேருல இருக்குது. ஒப்பந்தத்துல கம்பெனி பேரு இல்லை. சொந்த நெலத்துல ஆபத்தான கழிவைப் போட்டு வெச்சு நெலத்தடி நீரைக் கெடுத்த குற்றத்துக்கு, ராமசாமி மனைவி மயிலாத்தாள் என்பவர் முப்பது நாளைக்குள்ள சொந்தப் பொறுப்புல அப்புறப்படுத்தோணும்னு. சட்டம் ஆளைப் பாத்து வளையாதில்லீங்களா?

அந்த நேரத்துல அக்காகிட்ட ஓடிப் போயி நின்னவன் யாருங்க? நாந்தான். ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போனேன். ராத்திரி பூரா யோசிக்கக்கூட இல்லை, காலையில டீக்கடையில உக்காந்தே ஒரு பதில் எழுதிட்டேன். அருமையான பதிலுங்க. மனுதாரர் விதவை, எழுத்தறிவில்லாதவர், யாரோ முகம் தெரியாத நபர்கள் கழிவைக் கொட்டிச் சென்றுவிட்டனர், ஆறு மாசம் அவகாசம் வேணும்னு. நாலு பக்கம். எந்த அதிகாரி படிச்சாலும் எறங்கி வருவான். அக்கா முன்னால வெச்சு, கையெழுத்துப் போடு அக்கான்னேன்.

அவ முழுசாப் படிக்கச் சொல்லிக் கேட்டா. நான் படிச்சேன். முகம் தெரியாத நபர்கள்ங்கற எடத்துல நிறுத்தச் சொன்னா. மறுபடியும் படின்னா. மறுபடியும் படிச்சேன். என்ற மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் பேனாவை எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டா.

"நீயே போட்டுக்க தம்பி. என்ற பேரை எழுத உனக்குத்தான் நல்லா வருது."

அவ்வளவுதான். உள்ள போயிட்டா. அன்னைக்குப் பேசுனதுதான், எட்டு மாசமாச்சு. போன் பண்ணுனா எடுக்கறதில்லை. பொங்கலுக்குச் சீலை எடுத்து அனுப்புனேன், அப்படியே திரும்பி வந்துருச்சு. தண்ணி சுத்தம் பண்ற மெசின் ஒண்ணு, நல்ல கம்பெனி மெசின், ஆளை வெச்சு அனுப்புனேன். அதையும் வாங்கல. ஒண்ணரை மைல் நடந்து போயி ஊர்ப் பொதுக் கொழாயில கொடத்துல எடுத்துட்டு வர்றாளாம், அறுவத்தஞ்சு வயசுல. வீம்புங்க. எல்லாம் வீம்பு. நான் என்ன தப்புப் பண்ணுனேன், சொல்லுங்க பாக்கலாம்? பட்டறையை வைக்கச் சொன்னது பையர், அதான் வாங்கற வெளிநாட்டுக்காரன், குடுக்கற வெலை. எடுக்கச் சொன்னது பையர் ரிப்போர்ட். நோட்டீஸு குடுத்தது சட்டம். நான் எடையில நின்னு எல்லாத்துக்கும் பதில் எழுதுனவன். அக்காளுக்கு மட்டும் இது வெளங்க மாட்டேங்குது.

நீங்க சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. பரவாயில்லை. சூலூர் வந்துருச்சா? இன்னும் கொஞ்ச நேரந்தான்.

எதுக்குக் கோயமுத்தூர் போறேன்னு கேக்கலியே. பாஸ்போர்ட் ஆபீஸுக்குங்க. கருப்பு ஆர்டர் நிக்குமா? உலகம் பூரா கருப்புப் போட்டுக்கிட்டுத்தானே இருக்குது. அந்தப் பையரே ஒரு வழி சொன்னான். ஆப்பிரிக்காவுல ஒரு நாடு, புதுசா ஏத்துமதிக்குத் தெறந்து வுட்டிருக்கறாங்க, வரியெல்லாம் இல்லை, அங்க ஒரு பட்டறை போட்டுக் குடுங்கன்னான். தண்ணிச் சட்டம் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கறாங்களாம், அஞ்சாறு வருசம் ஆகுமாம். முதலாளி என்னைக் கூப்புட்டு, குழந்தைவேலு, இதுக்கு உன்னை வுட்டா எனக்கு ஆளில்லைன்னாரு. அந்த வார்த்தை போதுமுங்க எனக்கு.

எடத்தைப் படம் புடிச்சு அனுப்பியிருக்கறாங்க. இருங்க, போன்ல காட்டறேன். இந்தா. ஆறு பாருங்க. வருசம் பூரா ஓடுமாம். அந்த ஊருப் பொம்பளைங்க எறங்கிக் கொடத்துல மோந்துக்கிட்டு இருக்கறாங்க, பாருங்க, அடியில கெடக்கற கல்லுகூட எப்படித் தெரியுது. உப்புன்னு பேருக்குக்கூட இருக்காது அதுல. இந்த மாதிரித் தண்ணியை நான் பாத்து எத்தனையோ வருசமாச்சுங்க.

சாயம் அருமையாப் புடிக்கும்.